வாடகை வீட்டு வாசலில் இனம் கேட்பதா?

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனித வாழ்வின் அடிப்படைத் தேவைகள் என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவனும் அறிவான். அம்மூன்றனுள் உறையுளுக்கு மட்டும் ஒரு விந்தையான வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரிசி விற்பவர், அதனை வாங்குபவர் எவ்வாறு சமைப்பார் என்று ஆராய்வதில்லை. துணி விற்பவர், அதனை உடுத்தப் போகிறவரின் தாய்மொழி யாது என்று வினவுவதில்லை. வீட்டை வாடகைக்கு விடுபவரோ, கையில் பணத்தோடு வந்து நிற்பவரின் பெயரையும் முகத்தையும் நிறத்தையும் பார்த்த பின்னரே கதவைத் திறப்பதா, சாத்துவதா என்று முடிவு செய்கிறார்.

சிங்கப்பூரில் குடும்பத்தோடு வாழ வாடகை வீடு தேடும் இந்தியருக்கு இது புதிய செய்தியன்று. மலேசியாவிலிருந்து பிழைப்பின் பொருட்டு அங்குச் செல்லும் தமிழர் இதனை நன்கு அறிவர். “வீட்டுக்காரர் இந்தியருக்குக் கொடுக்க விரும்பவில்லை” என்னும் ஒற்றை வரியில் பல வாரத் தேடல் முடிந்துபோகிறது. இதற்கு ‘உரிமையாளரின் விருப்பம்’ என்று வணிக உலகம் மென்மையான பெயரொன்றைச் சூட்டியிருக்கிறது. அப்போர்வையை விலக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது இனப் பாகுபாடேயாகும். அதனைச் சட்டத்தால் தடுக்க வேண்டும். தடுக்கக் கோரும் தமிழர், தம் சொந்த வீட்டு வாசலிலும் அதே அளவுகோலை வைக்க வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழாதவரை இத்தீமை தொலையாது.

பாலம் கடந்த பின்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924ஆம் ஆண்டில் முறையாகத் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். அந்தச் சிறு தொலைவைக் கடக்க வைகறைக்கு முன்பே எழுந்து, மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் வரிசை பிடித்து நிற்கும் மலேசியத் தொழிலாளர்களை நாள்தோறும் காணலாம். அவர்களுள் தமிழர் பலர். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்பும் தந்தை, தன் பிள்ளைகளைத் தூங்கும் நிலையில் மட்டுமே காண்கிறான். ஆண்டுகள் சில இவ்வாறு கழிந்த பின், குடும்பத்தையும் உடன் அழைத்துச் சென்றுவிடலாம் என்னும் எண்ணம் அவன் உள்ளத்தில் எழுவது இயல்பே.

எண்ணம் எழுந்தாலும் அது எளிதில் கைகூடுவதன்று. வேலை அனுமதி பெற்றுச் சிங்கப்பூரில் பணிபுரியும் அயல்நாட்டவர், மனைவி மக்களைச் சார்ந்தோர் அனுமதியில் உடன் வைத்துக்கொள்ள வேண்டுமாயின், மாத ஊதியம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆகவே, மனைவி மக்களோடு அவ்வாறு வீடு தேடி வருபவர் வாடகை செலுத்த இயலாதவர் அல்லர். அவருடைய பொருள் நிலையை அந்நாட்டு அரசே ஆராய்ந்து அனுமதி கொடுத்திருக்கிறது. அவருடைய கடவுச்சீட்டும் வேலை அனுமதியும் சரிபார்க்கப்பட்டவை. வாடகைக்கு வருபவரைப் பற்றி ஓர் உரிமையாளர் நியாயமாக அறிய விரும்பும் செய்திகள் யாவும் தாளிலேயே இருக்கின்றன.

இருந்தும் நிகழ்வது யாது? இரண்டு படுக்கையறை கொண்ட வீடொன்று வாடகைக்கு இருப்பதாக விளம்பரம் வருகிறது. தொலைபேசியில் அழைத்தால் முகவர் முதலில் மகிழ்ச்சியோடு பேசுகிறார். எத்தனை பேர், எப்போது குடிவருவீர்கள் என்னும் வினாக்கள் முடிந்ததும் “நீங்கள் என்ன இனம்?” என்னும் வினா வருகிறது. விடை சொன்னதும் குரல் மாறுகிறது. வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறுபவர் பின்னர் அழைப்பதில்லை. வீடு போய்விட்டது என்பார் சிலர். போய்விட்டதாகச் சொல்லப்பட்ட வீட்டின் விளம்பரம் மறுநாளும் வெளிவருகிறது. வேற்றினத்து நண்பர் ஒருவரை விட்டு அழைக்கச் செய்தால், அதே வீட்டை அன்று மாலையே வந்து பார்க்கலாம் என்று விடை கிடைக்கிறது. வீடு தேடி அலைந்தோர் பலரும் ஏறக்குறைய இதே சொற்களில் இதனைக் கூறுகின்றனர்.

ஒருகாலத்தில் இது மறைவாகவும் நடைபெறவில்லை. “இந்தியர் வேண்டா, சீன நாட்டினர் வேண்டா” என்று விளம்பரத்திலேயே வெளிப்படையாக அச்சிட்டனர். 2014ஆம் ஆண்டில் பிபிசி செய்தி நிறுவனம் இதனை உலகறியச் செய்தது. இவ்விடத்தில் ஒன்றைக் கருதுதல் வேண்டும். சீன நாட்டிலிருந்து வருவோருக்கு வீடு மறுத்தவர்களுள் சீன இனத்தவரும் இருந்தனர். ஆதலின் இத்தீமையை ஓர் இனத்தின் மீது மற்றோர் இனம் கொண்ட பகை என்று சுருக்கிவிடுவது உண்மைக்கு மாறாகும். முன்பின் அறியாத ஒருவரை, அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை மட்டும் கொண்டு எடைபோட்டுத் தள்ளும் மனப்போக்கே இங்குக் குற்றவாளி.

‘என் வீடு, என் விருப்பம்’

இம்மறுப்பை ஞாயப்படுத்துவோர் முதலில் நீட்டும் வாதம், வீடு தம்முடைய சொத்து என்பதாகும். சொந்தச் சொத்தை விரும்பியவருக்குக் கொடுக்கும் உரிமை தமக்கு இல்லையா என்று அவர்கள் கேட்கின்றனர்.

அவ்வுரிமையின் எல்லையைச் சற்று அளந்து பார்ப்போர் உண்மையை உணர்வர். சிங்கப்பூர்க் குடிமக்களுள்ளும் நிரந்தரவாசிகளுள்ளும் நான்கில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். 1960ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகம், வீடுகளை 99 ஆண்டுக் குத்தகையில் விற்கிறது. அவ்வீட்டை வாங்கியவர் முழு வீட்டையும் வாடகைக்கு விட வேண்டுமாயின், பொதுவாக ஐந்தாண்டுகளேனும் தாமே அதில் குடியிருந்திருக்க வேண்டும். நிரந்தரவாசியாகிய உரிமையாளர் முழு வீட்டையும் வாடகைக்கு விடவே இயலாது. கழகத்தின் ஒப்புதல் பெறாமல் வாடகைக்கு விடுதல் குற்றம். ஆறு மாதத்துக்குக் குறைந்த காலத்துக்கு விடுதலும் குற்றம். எத்தனை பேரைத் தங்கவைக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. தங்குவோரின் அனுமதிச் சீட்டு செல்லத்தக்கதா என்று சரிபார்ப்பதும் உரிமையாளரின் கடமை.

இத்தனை கட்டுப்பாடுகளுக்கும் உரிமையாளர் தலைவணங்குகிறார். ஒன்றிலேனும் “என் வீடு, என் விருப்பம்” என்று அவர் வாதிடுவதில்லை. பொதுநலன் கருதி விதிக்கப்பட்டவை என்று அவற்றை ஏற்றுக்கொள்கிறார். அங்ஙனமாயின், இனத்தைக் காரணங்காட்டி ஒருவரை விலக்காதே என்னும் இன்னொரு விதி மட்டும் அவருடைய சொத்துரிமையை எவ்வாறு பறித்துவிடும்? வாடகைத் தொகையை அவரே நிர்ணயிக்கலாம். வருபவரின் ஊதியத்தை விசாரிக்கலாம். முன்பு குடியிருந்த வீட்டில் ஒழுங்காக நடந்துகொண்டாரா என்று கேட்டறியலாம். வீட்டைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். இவை யாவும் ஒருவருடைய நடத்தையைப் பற்றியவை. பிறப்பைப் பற்றிய கேள்விக்கு இவற்றினிடையே இடமில்லை.

தாளிப்பும் மணமும்

அடுத்து வரும் வாதம் சமையலைப் பற்றியது. இந்தியர் சமைத்தால் மசாலை மணம் சுவரில் ஏறிவிடும், திரைச்சீலையில் படிந்துவிடும், பிறகு அவ்வீட்டுக்கு வேறெவரும் வரமாட்டார் என்பர். ஆகவேதான் ‘கடுஞ்சமையல் கூடாது’ என்று விளம்பரங்களில் எழுதுகின்றனர். இனத்தின் பெயரை வெளிப்படையாக எழுதக் கூசியவர்கள் கண்டுபிடித்த மறைசொல் அது.

மணம் இல்லாத சமையல் எந்த இனத்தாரிடம் இருக்கிறது? பெலாச்சானை வறுத்தால் அதன் மணம் தெருக்கோடி வரை செல்லும். கருவாடு பொரித்தால் மாடி முழுதும் அறியும். டுரியான் பருவத்தில் ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் நான்கு பழங்களைப் பிளந்தால் அடுத்த நாளும் மணம் தங்கும். இவற்றையெல்லாம் ஊர் மணம் என்று பொறுத்துக்கொள்கிற மூக்கு, கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கும்போது மட்டும் வருந்துவது ஏன்? மீன்தலைக் கறியைச் சிங்கப்பூரின் சிறப்புணவு என்று வெளிநாட்டு விருந்தினருக்குப் பரிமாறுவோர், அதே கறியைச் சமைக்கும் கைகளுக்கு வீடு தர மறுப்பது எவ்வகை ஞாயம்?

2011ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்நாட்டில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்தல் தகும். சீனாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று, பக்கத்து இந்திய வீட்டின் கறி மணத்தைத் தாங்க இயலவில்லை என்று முறையிட்ட பழைய செய்தி நாளேட்டில் மீண்டும் வெளிவந்தது. படித்த மக்கள் கொதித்தெழுந்தனர். ஆகஸ்டு 21ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பானைக் கறி சமைப்போம் என்று அழைப்பு விடுத்தனர். சீனர், மலாய்க்காரர், இந்தியர், யூரேசியர் எனப் பல்லாயிரவர் அதற்கு இசைந்தனர். கறி அனைவருக்கும் பொது என்று ஒரு நாடே அடுப்பு மூட்டிச் சொன்னது. அத்தகைய பெருந்தன்மை வாய்ந்த மக்கள், வாடகை ஒப்பந்தம் என்று வந்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடலாமா?

பழைய குடியிருப்பாளர் ஒருவர் வீட்டைப் பாழாக்கிவிட்டுச் சென்றார், அன்றிலிருந்து இந்தியருக்குக் கொடுப்பதில்லை என்று கூறுவோரும் உளர். அவர் பட்ட துன்பம் உண்மையாகவே இருக்கலாம். அத்தகைய இழப்பை ஈடுசெய்யவே வைப்புத்தொகை வாங்கப்படுகிறது. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாத வாடகை என்று முன்கூட்டியே பெற்றுக்கொள்வது அங்கு வழக்கம். ஒருவர் செய்த தவற்றுக்கு அவரிடம் வாங்கிய தொகையில் கழித்துக்கொள்வது முறை. அவரைக் கண்டிராத, அவரோடு உறவில்லாத, அவர் பேசிய மொழியைப் பேசியது ஒன்றே குற்றமாகிவிட்ட இன்னொரு குடும்பத்திடம் அதனை வசூலிப்பது முறையாகாது.

அரசு சேர்க்கிறது, வாசல் பிரிக்கிறது

சிங்கப்பூர் அரசு இன நல்லிணக்கத்தில் அக்கறை இல்லாத அரசன்று. 1989ஆம் ஆண்டிலேயே அது இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் இனத்தாரின் விகிதம் எவ்வளவு வரை இருக்கலாம் என்று அது வரையறுத்தது. மக்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் இனவாரியாகத் தனித்தனிச் சேரிகள் உருவாகிவிடும் என்று அரசு அஞ்சியதே அதற்குக் காரணம். வீடுகளை வாங்கும்போதும் விற்கும்போதும் அக்கொள்கை செயற்படுகிறது.

வாடகைச் சந்தையில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. பத்து வீடுகளில் மறுக்கப்பட்ட இந்தியக் குடும்பம், பதினொன்றாவதாக எங்கே செல்லும்? இந்திய உரிமையாளர் இருக்கும் இடத்தைத் தேடிச் செல்லும். அடுத்து வரும் குடும்பமும் அங்கேயே செல்லும். அரசு எந்தச் சேரியைத் தடுக்கச் சட்டம் இயற்றியதோ அந்தச் சேரியை வாடகை வாசல்கள் மெல்ல மெல்ல உருவாக்கிவிடும். “உங்கள் ஆட்களிடமே வீடு கேளுங்களேன்” என்று முகவர்கள் அன்போடு கூறும் அறிவுரையின் பொருள் இதுவே.

இதனினும் பெரிய முரண்பாடு ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டு ஜனவரியில், அயல்நாட்டவருக்கு முழு வீட்டை வாடகைக்கு விடுவதற்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஒரு வரம்பு விதித்தது. வட்டாரத்தில் 8 விழுக்காடு, கட்டடத்தில் 11 விழுக்காடு என்பது அவ்வரம்பு. மலேசியருக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு அளித்தது. பண்பாட்டாலும் வரலாற்றாலும் மலேசியர் சிங்கப்பூரருக்கு நெருங்கியவர் என்பதே அவ்விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணம். மலேசியத் தமிழனை ‘நெருங்கியவன்’ என்று அரசு வரவேற்கிறது. அதே தமிழனை ‘ஒவ்வாதவன்’ என்று வீட்டு வாசல் திருப்பி அனுப்புகிறது. தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. தொடர்வண்டி நிலையத்தில் தமிழில் எழுதப்பட்ட அறிவிப்பைப் படித்துக்கொண்டே வீடு பார்க்கச் செல்பவன், அத்தமிழே தனக்குத் தடையாயிற்று என்பதை அறிந்து திரும்பி வருகிறான்.

சட்டத்தில் விடப்பட்ட வாசல்

அரசியலமைப்புச் சட்டம் இதனைத் தடுக்காதா என்று மாணவர் கேட்கக்கூடும். சிங்கப்பூர் அரசியலமைப்பின் 12ஆம் விதியும் மலேசிய அரசியலமைப்பின் 8ஆம் விதியும் சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று முழங்குகின்றன. அவை அரசைக் கட்டுப்படுத்துவன. தனியார் ஒருவர் மற்றொரு தனியாரிடம் காட்டும் பாகுபாட்டில் அவை தலையிடுவதில்லை. 2005ஆம் ஆண்டில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றமும், தனியார் ஒப்பந்தத் தகராறு ஒன்றில் அவ்வாறே தீர்ப்பளித்தது. ஆகவே தனியாரையும் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் ஒன்று தேவை.

அத்தகைய சட்டம் இயற்ற இயலாது என்று கூறுவதற்கில்லை. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலைக்கு ஆள் எடுப்பதில் இனத்தைக் காரணமாக்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் நெறிகளுள் ஒன்று. முதலாளி தன் சொந்தப் பணத்தில் நடத்தும் நிறுவனத்திலேயே இனத்தைக் கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்ல முடியுமாயின், வாடகை வீட்டு வாசலில் மட்டும் அது ஏன் வாய்மூடி நிற்க வேண்டும்? அதே ஆண்டு பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் நிறைவேறியது. வெறுப்பைத் தூண்டும் பேச்சுக்கும் செயலுக்கும் எதிரான அச்சட்டம், சத்தமின்றிச் சாத்தப்படும் கதவுக்கு மருந்தாகவில்லை. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் அனைத்துலக உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2017ஆம் ஆண்டில் ஏற்றது. அவ்வுடன்படிக்கையின் 5ஆம் விதி, குடியிருப்பு உரிமையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

சிங்கப்பூரைக் குறைகூறும் மலேசியர் தம் நாட்டையும் நோக்க வேண்டும். ‘சீனர் மட்டும்’, ‘மலாய்க்காரர் மட்டும்’ என்னும் விளம்பரங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் காணக்கிடைப்பவையே. சிங்கப்பூர் ஏற்ற அந்த அனைத்துலக உடன்படிக்கையை ஏற்பதாக அறிவித்த மலேசிய அரசு, எதிர்ப்புக்கு அஞ்சி 2018ஆம் ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது. பிறந்த நாட்டிலேயே வாசல் சாத்தப்படும் தமிழன், பாலம் கடந்தும் அதையே காண்கிறான் என்பதே முழு உண்மை.

இந்நோய் உலகில் வேறெங்கும் கண்டிராத நோயன்று. இங்கிலாந்தில் 1950களில் கரிபியத் தீவுகளிலிருந்தும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் சென்ற தொழிலாளர்கள், ‘நிறத்தவருக்கு இடமில்லை’ என்னும் அட்டைகளைச் சன்னல்களில் கண்டு தெருத்தெருவாய் அலைந்தனர். 1965ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட முதல் இன உறவுச் சட்டம் வீட்டு வாடகையைத் தொடவில்லை. அக்குறையை உணர்ந்து 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீட்டையும் வேலையையும் சேர்த்தனர். அதே 1968ஆம் ஆண்டு ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட ஒரு வாரத்தில், அமெரிக்காவில் நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தாயிற்று. தாமே குடியிருக்கும் சிறு கட்டடத்தில் ஓர் அறையை விடும் உரிமையாளருக்கு அச்சட்டம் சில விலக்குகளைக் கொடுத்தது. அவருங்கூட இனத்தைக் குறித்து விளம்பரம் செய்யக் கூடாது என்று தடுத்தது. சட்டம் வந்த மறுநாளே உள்ளங்கள் திருந்திவிடவில்லை என்பது மெய். ஆயினும் சன்னலில் அட்டை தொங்கவிடுவது இழிவு என்னும் உணர்வு பொதுமக்களிடம் வேரூன்றியது. சட்டத்தின் முதற்பயன் அதுதான்.

முகவர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. இனத்தையோ சமயத்தையோ இழிவுபடுத்தும் வகையில் விளம்பரம் செய்யலாகாது என்று சொத்து முகவர்களை நெறிப்படுத்தும் மன்றம் அவர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதன் விளைவாக அச்சில் இருந்த சொல் தொலைபேசிக்கு இடம் மாறிற்று. உரிமையாளரின் தவறான கட்டளையைச் சுமந்து செல்வது தொழில் நேர்மையாகாது. “இனம் பார்த்து ஆள் தேடித் தரமாட்டேன்” என்று சொல்லும் துணிவு ஒரு முகவருக்கு வேண்டும். அத்துணிவுக்குத் துணை நிற்கவும் சட்டம் வேண்டும்.

தமிழர் வாசல்

இதுகாறும் கூறியவை பிறர் வாசலைப் பற்றியன. இனித் தமிழர் வாசலுக்கு வருதல் வேண்டும்.

மலேசியத் தமிழருள் சொந்த வீட்டையன்றி இன்னொரு வீட்டையும் வாங்கி வாடகைக்கு விடும் வசதி பெற்றோர் பலர் உள்ளனர். அவர்கள் வாசலுக்கு ஒரு மியன்மார்க் குடும்பமோ, வங்காளதேசத்துத் தொழிலாளியோ, ஆப்பிரிக்க மாணவனோ வந்து நின்றால் விடை என்னவாக இருக்கிறது? “அவர்களுக்குக் கொடுத்தால் வீடு கெட்டுப்போகும்” என்னும் சொல் தமிழிலும் ஒலிக்கிறது. தோட்டப்புறத்திலிருந்து நகருக்கு வந்த தமிழ்க் குடும்பத்தையே, “குடிப்பார்கள், சத்தம் போடுவார்கள்” என்று தள்ளும் தமிழ் உரிமையாளர்களும் இருக்கின்றனர். சொந்த இனத்தாரை அயலார் எந்தச் சொற்களால் இழிவுபடுத்தினரோ அதே சொற்களைத் தமிழர் இரவல் வாங்கிப் பயன்படுத்துகின்றனர்.

இப்பழக்கம் புலம்பெயர்ந்த பின் கற்றதும் அன்று. தமிழகத் தலைநகராகிய சென்னையில் வாடகை வீடு தேடுவோரை ‘சைவம் மட்டும்’ என்னும் பலகை எதிர்கொள்வது பழைய கதை. சமயம் கேட்டு முஸ்லிம்களை மறுப்பதும், சாதியை நேரே கேட்கக் கூசி ஊரையும் உணவையும் கேட்டு அறிந்துகொண்டு தாழ்த்தப்பட்டோரை மறுப்பதும் அங்கு நடைபெறுகின்றன. சிங்கப்பூர் விளம்பரத்தின் ‘கடுஞ்சமையல் கூடாது’ என்பதற்கும் சென்னைப் பலகையின் ‘சைவம் மட்டும்’ என்பதற்கும் வேறுபாடு பெரிதன்று. இரண்டும் அடுப்பைக் காட்டி ஆளை விலக்குகின்றன. முன்னதைக் கண்டு வெகுண்டெழும் தமிழன், பின்னதைக் குடும்ப ஆசாரம் என்று போற்றுவானாயின், அவனுடைய வெகுளிக்கு மதிப்பில்லை.

மலாயாத் தமிழரின் வரலாற்றை அறிந்தவர் இதில் தடுமாறவே கூடாது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த முன்னோருக்கு வீடு என்பது வேலையோடு ஒட்டியிருந்த ஒன்று. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் கைமாறியபோதும், தட்டுமுட்டுச் சாமான்களோடு சாலையோரத்தில் நின்ற குடும்பங்கள் எத்தனையோ. வீடின்மை எத்தகைய துயர் என்பதைப் பாட்டன் பாட்டியின் வாழ்விலிருந்து கற்ற சமுதாயம் இது. அச்சமுதாயம் இன்னொரு குடும்பத்தின் முகத்தில் கதவைச் சாத்துமாயின், அது தன் வரலாற்றை மறந்துவிட்டது என்றே பொருள்.

பள்ளியின் கடமை

இவ்விவகாரத்தில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று எண்ணுவோர் இருக்கலாம். வீடு கிடைக்காத குடும்பத்தின் முதல் இழப்பு பிள்ளையின் கல்வி. எந்த வட்டாரத்தில் வீடு என்பது தெரியாமல் எந்தப் பள்ளியில் இடம் கேட்பது? பழைய பள்ளியிலிருந்து விலகுவதா, இருப்பதா என்று தெரியாமல் பிள்ளை வகுப்பில் அமர்ந்திருக்கிறது. தந்தை தொலைபேசியை வைத்துவிட்டு மௌனமாக இருப்பதை அது கவனிக்கிறது. “ஏன் அப்பா, அந்த வீடு கிடைக்கவில்லையா?” என்று கேட்கும் பிள்ளையிடம் தந்தை என்ன சொல்வார்? உண்மையைச் சொன்னால், தன் இனம் ஒரு குறை என்னும் பாடத்தைப் பிள்ளை வாழ்நாள் முழுதும் சுமக்கும். மறைத்தால், பின்னொரு நாள் அதனைத் தானே கண்டுபிடிக்கும். நன்னெறிக் கல்விப் பாடநூலில் உள்ள நல்லிணக்க அத்தியாயங்கள் அனைத்தையும் அந்த ஒரு தொலைபேசி அழைப்பு அழித்துவிடுகிறது.

ஆகவே இதனைப் பற்றி வகுப்பறையில் பேச வேண்டும். கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற அடியைச் சொற்போட்டி மேடைகளில் முழங்காத தமிழ் மாணவன் இல்லை. கைத்தட்டலும் பரிசும் பெற்று வீட்டுக்குச் செல்லும் அவன், தன் வீட்டின் மாடி அறையை யாருக்குக் கொடுப்பது என்று பெற்றோர் பேசுவதையும் கேட்கிறான். அவ்வடிக்கும் அப்பேச்சுக்கும் உள்ள இடைவெளியைச் சுட்டிக்காட்டி, அவனைச் சிந்திக்கச் செய்வதே இலக்கியம் கற்பிப்பதன் பயன். கட்டுரைப் பாடத்தில் ‘நான் ஒரு வாடகை வீட்டு உரிமையாளரானால்’ என்று தலைப்புக் கொடுத்துப் பார்க்கலாம். பட்டிமன்றங்களில் மாமியாரா மருமகளா என்று பேசிக் களைத்த நாக்குகள் இதனையும் சற்றுப் பேசலாம்.

எழுத்தாளர் சங்கங்களும் சமூக அமைப்புகளும் மூன்றை இடைவிடாது வலியுறுத்த வேண்டும். வீட்டு வாடகையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் தெளிவான சட்டம் இரு நாட்டிலும் வேண்டும் என்பது முதலாவது. இனம் கேட்டு ஆள் தேடித் தரும் முகவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்பது இரண்டாவது. வாடகைக்கு வீடு விடும் ஒவ்வொரு தமிழரும், வருபவரின் நடத்தையையும் வாடகை செலுத்தும் ஆற்றலையும் மட்டுமே கேட்பதென்று தமக்குத் தாமே விதி செய்துகொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. முதலிரண்டுக்கும் நாடாளுமன்றங்களின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டும். மூன்றாவதற்கு எவருடைய இசைவும் தேவையில்லை. அடுத்த குடும்பம் வந்து கதவைத் தட்டும் நாளிலேயே அதனைத் தொடங்கிவிடலாம்.